கை குலுக்கி அனுப்பிய பிள்ளை

ரூஃபஸ் பாலர்ட் என்கிற ஆறு வயதுப் பையனை, மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டே முக்கால் மணிக்கு, ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணிடம் எங்கள் பள்ளிக்கூடம் ஒப்படைத்து அனுப்பியது. யாரும் அவனைத் திருடவில்லை, மிட்டாய் காட்டி ஏமாற்றவும் இல்லை. எங்கள் தலைமையாசிரியர் வாசலில் நின்று, அவன் கையைக் குலுக்கி, அந்தக் கையை அவள் கையில் வைத்து, சிரித்த முகத்தோடு வழியனுப்பினார். அந்த நேரத்தில் நான் பதினைந்தடி தள்ளி, வாசலை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டு முறைத்த ஒரு பால் வண்டிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

என் பெயர் டோலரஸ் கீகன். குயின்ஸிலிருந்து தினமும் ரயிலேறி வந்து, வான் ஆல்டர் பள்ளியின் தலைமையாசிரியர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். பள்ளிக்கு வயது இருநூற்றெண்பத்து சொச்சம். இந்த நாடு பிறப்பதற்கு முன்பே பிறந்த பள்ளி என்று பையன்கள் பெருமையடிப்பார்கள், அது உண்மைதான். நியூயார்க்கில் பணமிருந்தும் வாங்க முடியாத சில சாமான்களில் எங்கள் முதல் வகுப்பில் ஓர் இடமும் ஒன்று. விடுதியெல்லாம் கிடையாது. நானூற்றுப் பன்னிரண்டு பையன்கள் காலையில் வருவார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போவார்கள். பொடியன்களை அழைத்துப் போக ஆயாக்கள் வருவார்கள், டிரைவர்கள் வருவார்கள், அபூர்வமாக அம்மாக்கள் வருவார்கள்.

எங்கள் பள்ளியின் வழக்கம் ஒன்று உண்டு. காலையில் ஒவ்வொரு பையனும் உள்ளே நுழையும்போது தலைமையாசிரியர் கை கொடுப்பார். கண்ணைப் பார்ப்பார். பெயரைச் சொல்வார். மத்தியானம் பொடியன்களை அனுப்பும்போதும் அதேபோல ஒரு கை குலுக்கல், பிறகு வந்த ஆளிடம் ஒப்படைப்பு. பட்டியல் கிடையாது, கையெழுத்து கிடையாது. தலைமையாசிரியர் எட்மண்ட் லாத்ரப் இருபத்தேழு வருஷமாக இதைத் தவறாமல் செய்தவர். பையன்கள் பெயர் மட்டுமா, அவர்களுடைய ஆயாக்களின் பெயர், ஆயாக்களின் ஊர், ஊரில் இருக்கிற அவர்கள் பிள்ளைகளின் பெயர் வரை அவருக்கு அத்துப்படி. வேறு பள்ளிகளில் போட்டோ ஒட்டிய அட்டையைக் காட்டினால்தான் பிள்ளையைக் கொடுப்பார்கள். எங்கள் பெற்றோர் சங்கமும் இரண்டு தடவை அந்த அட்டையைக் கேட்டது. "என் கண்ணு போதாதாமா டோலரஸ், அட்ட வேணுமாம்" என்று அவர் சிரித்தார். வேண்டாம் என்று அழகான கடிதம் ஒன்றை எழுதியது நான். எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளையை அடையாளம் காண அட்டை தேவைப்படும் நாள் வந்தால் அன்றைக்கே பள்ளியை மூடிவிடலாம் என்றெல்லாம் அதில் எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

அந்தப் பள்ளி ஆண்டு தொடங்கிச் சில வாரங்களில் பையன்களிடம் ஒரு புது மரியாதை தென்பட்டது. கை கொடுக்கும்போது அவர்களே முந்திக்கொண்டு, "குட் மார்னிங் சார், நான் பீட்டர் ஆம்ஸ்" என்று தங்கள் பெயரைச் சொன்னார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்கி, ஒரு வாரத்தில் முதல் வகுப்பு வரை பரவிவிட்டது. நல்ல வளர்ப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆசிரியர்கள் அறையில் அதைப் பற்றிப் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். தெருவெல்லாம் பனி கரைந்து சேறாகிக் கிடந்தது. கூட்டம் கலைந்து, பால் வண்டிக்காரனும் என் வாயில் ஒரு பாடு பட்டுவிட்டுக் கிளம்பிய பிறகு, மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் வெர்லின் ஓட்டமும் நடையுமாக வந்தாள். கிரெனடா தீவுக்காரி. ரூஃபஸ் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து பாலர்ட் வீட்டில் இருப்பவள். எங்கள் வாசலில் நிற்கும் ஆயாக்களில் என்னோடு சரிக்குச் சரி வாயாடக்கூடிய ஒரே ஆள்.

"பஸ் மூணு தெருவுக்கு நகரவே இல்ல, மிஸ் கீகன். எங்க வீட்டு ராஜா எங்க? உள்ள ஷூவத் தேடுறானா?"

லாத்ரப் திரும்பிப் பார்த்தார். "ரூஃபஸா? அவன்தான் போயாச்சே, வெர்லின். உங்ககிட்டதானே குடுத்தேன்."

அவர் விளையாடுகிறார் என்று நினைத்து வெர்லின் சிரித்தாள். "சார், நான் இப்பதான் பஸ்ஸ விட்டு எறங்குறேன். வேர்வ கூட அடங்கல."

"இல்லம்மா. கை குலுக்கினேன். உங்க கையில குடுத்தேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பையன் பெயரைக்கூட அவர் மாற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. வெர்லினின் சிரிப்பு மெல்லக் கரைந்தது. நான் வெர்லின் பக்கம் திரும்பினேன். இதைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். நான் அவளைத்தான் சந்தேகப்பட்டேன்.

"வெர்லின், நிதானமா யோசிங்க. கூட்டிட்டுப் போயி எங்கயாச்சும் கடைல விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"கடைல மறந்துட்டு வர அவன் என்ன குடையா?" என்றாள் அவள். "நான் வரலங்கறேன். வராத ஆளு எப்படிங்க கூட்டிட்டுப் போக முடியும்?"

"சார் பாத்திருக்காரே."

"சார் பாத்தாருன்னா நான் என்ன, ரெண்டு ஆளா?"

 வெர்லின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். படிக்கட்டில் அவள் குரல் கேட்டது. ரூஃபஸ், ரூஃபஸ் என்று மாடி மாடியாகக் கூப்பிட்டாள்.  நான் அலுவலகத்துக்குப் போய்ப் போலீஸைக் கூப்பிட்டேன். ஆறு வயசுப் பையன், நீலக் கோட்டு, சாம்பல் நிறக் கால்சட்டை, சோளக்கதிர் நிறத் தலைமுடி என்றெல்லாம் சொன்னேன். யார் கூட்டிப் போனது என்று கேட்டார்கள். "அவன் ஆயாதான். ஆனா அவங்க இப்ப இங்க இருக்காங்க, பையனக் காணோம். தான் கூட்டிட்டுப் போகலங்கறாங்க" என்றேன்.  அந்த ஆயாவை எங்கும் போக விடாதீர்கள் என்றார் அந்தப் பக்கம் இருந்த அதிகாரி. சரி என்றேன்.

இப்படித்தான் மூன்று பத்து ஆயிற்று.

பொருட்கள் வைக்கும் அறையை ஒரு தடவை பார்ப்போம் என்று போனேன். முதல் வகுப்புப் பையன்களின் கோட்டுகள் மாட்டும் இடம் அது. அங்கே பெஞ்சுக்கு அடியில் ஒரு சோளக்கதிர்த் தலை தெரிந்தது. ஒரு நொடி என் உயிர் திரும்பி வந்தது. கிட்டப் போனால், அது ஜாஸ்பர் ப்ரூயர். ஒரு கால் ஷூவைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தான். எல்லோரும் போய்விட்டார்கள் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. ரூஃபஸும் இவனும் ஒரே வகுப்பு, ஒரே உயரம், தூரத்தில் பார்த்தால் முடி ஒரே மாதிரி. ஆனால் தினம் பார்க்கிறவர்களுக்கு எந்தக் குழப்பமும் வராது. ஜாஸ்பருக்கு முன்பல் இரண்டும் கிடையாது, முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும்.

ஷூவைக் கண்டுபிடித்து மாட்டிவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் கூடத்துக்கு வந்தேன். வெர்லின் மாடியிலிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்துகொண்டிருந்தாள். லாத்ரப் எங்களைப் பார்த்ததும் அவருடைய முகம் மலர்ந்தது. குனிந்து, ஜாஸ்பரின் தோளில் கை வைத்தார்.

"பாத்தீங்களா. ரூஃபஸ் இங்கதான் இருக்கான். இதுக்குப் போயி இவ்வளவு கலாட்டா."

கதவருகே நின்ற வாசல்காரரும் திரும்பிப் பார்த்தார். வெர்லின் படிக்கட்டின் கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

"சார்," என்றாள். "இது எங்க பிள்ள இல்ல."

லாத்ரப் அவளைப் பார்த்துப் பொறுமையாகச் சிரித்தார். பதற்றத்தில் இருக்கிற பெற்றோரிடம் அவர் சிரிக்கும் சிரிப்பு அது. பிறகு ஜாஸ்பரைப் பார்த்து, "நீயே சொல்லுப்பா. ரூஃபஸ்தானே?" என்றார்.

ஜாஸ்பர் அவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கையை நீட்டினான். "ஆமா சார்" என்றான்.

என் தலையில் இடி விழுந்தது என்று சொன்னால் சாதாரணமாகப் போய்விடும். நான் நின்ற தரை நின்றபடி இருக்க, நான் மட்டும் கீழே போவதுபோல இருந்தது. எட்மண்ட் லாத்ரப்புக்கு ஜாஸ்பர் யார் என்று தெரியவில்லை. தன் எதிரில் நிற்கிற குழந்தையின் முகத்தைப் பார்த்து, தப்பான பெயரைச் சொல்லி, அதில் இம்மியும் சந்தேகமில்லாமல் நிற்கிறார். அப்படியானால் அவர் வெர்லினிடம் கொடுத்ததாகச் சொன்னதும் பொய்யில்லை, அவருக்கு அப்படித்தான் பட்டிருக்கிறது.

அந்த இடத்தில், அந்த நொடியில், "சார், இவன் ஜாஸ்பர்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்றே சொல். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? எனக்கு வரவில்லை. வாசல்காரர் இருக்கிறார், வெர்லின் இருக்கிறாள், இவர்கள் எதிரில் அவரை எப்படித் திருத்துவது என்று நினைத்தேன். "சரி சார். நான் இவன உள்ள கூட்டிட்டுப் போயி ஒரு தடவ சரிபாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஜாஸ்பரை என் அறைக்கு நடத்திப் போனேன். கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று பிறகு போலீஸ் கேட்டது. ஐந்து நிமிஷம் இருக்கும் என்றேன். வெர்லினைக் கேட்டிருந்தால் பத்து என்று சொல்லியிருப்பாள்.

அந்த ஐந்தோ பத்தோ நிமிஷத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? காலையில் பையன்கள் முந்திக்கொண்டு தங்கள் பெயரைச் சொன்னது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது மரியாதை இல்லை. அவருக்குப் பெயர் வராததைப் பையன்கள் செப்டம்பரிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர் தடுமாறக்கூடாது என்று நானூற்றுப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து, ஒருவர்கூட வெளியே மூச்சு விடாமல், ஏழு மாசமாக அவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கியது. என்ன பிள்ளைகள், எப்படிப்பட்ட பிள்ளைகள் என்று நெஞ்சு விம்மியது. ஆமாம், ஒரு குழந்தையைக் காணோம், நான் உட்கார்ந்து பூரித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுவது இந்த இடத்தில்தான்.

வெர்லின் கதவைத் தட்டவில்லை. திறந்துகொண்டு வந்தாள்.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள். "இவன் யாருன்னு உங்களுக்கு நல்லாவே தெரியும். ஏன் பேசாம வந்தீங்க?"

"தெரியும்," என்றேன்.

"அப்ப இவன் ஆயா யாரு? இவனக் கூட்டிட்டுப் போக வந்த ஆளு எங்க? அதயாச்சும் யோசிச்சீங்களா, இல்ல இன்னும் நான்தான் முழுங்கிட்டேன்னு நெனைக்கிறீங்களா?"

 ஜாஸ்பர் பக்கம் திரும்பினேன்.

"ஜாஸ்பர், இன்னிக்கு உன்னக் கூட்டிட்டுப் போக யாரு வரணும்?"

"புது ஆயா."

"பேரு?"

"ஹலினா. நான் இன்னும் பாத்ததில்ல. காலைல அம்மாதான் சொன்னாங்க. நேரா நீச்சலுக்குப் போகணும்."

வெர்லினும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நடந்தது அப்படியே கண்முன் வந்தது. எந்தப் பையனையும் பார்த்தறியாத ஒருத்தி வாசலில் வந்து ஜாஸ்பர் என்கிறாள். மற்ற நாட்களில் பிள்ளைகள் தங்கள் ஆளைக் கண்டதும் தாங்களே ஓடிப் போய்விடுவார்கள், அதனால் அவருடைய தடுமாற்றம் வெளியே தெரிந்ததில்லை. இன்றைக்கு ஜாஸ்பர் ஷூவைத் தேடிக்கொண்டு உள்ளே இருக்கிறான். லாத்ரப் பக்கத்தில் நின்ற சோளக்கதிர்த் தலையைப் பார்த்து, கை குலுக்கி, ஒப்படைத்துவிட்டார். அட்டை இருந்திருந்தால் இது நடந்திருக்காது. வெர்லின் அதைச் சொல்லவில்லை, நானேதான் சொல்லிக்கொண்டேன்.

"ரூஃபஸுக்கு நீச்சல் தெரியாது," என்றாள் வெர்லின். "குளிக்கிற தொட்டில தண்ணி இடுப்புக்கு மேல வந்தாலே கத்துவான்."

"அவன் சொல்லிடுவான், வெர்லின். நான் ஜாஸ்பர் இல்லன்னு சொல்லிடுவான். வாயில்லாத பிள்ளையா அவன்?"

"அதான் எனக்கும் புரியல. இந்நேரம் சொல்லிருக்கணுமே."

ஜாஸ்பரின் அம்மா வக்கீல், அன்றைக்கு நீதிமன்றத்தில் இருந்தார். அவருடைய அலுவலகத்துப் பெண்ணுக்கு ஆயாவின் பெயர்கூடத் தெரியவில்லை. நீச்சல் எங்கே என்று ஜாஸ்பரைக் கேட்டேன். "பெரிய தவள படம் போட்ட எடம்" என்றான். வெர்லினுக்குப் புரிந்தது. அவளுக்குத் தெரிந்த ஆயாக்கள் பாதிப் பேர் பிள்ளைகளை அங்கேதான் கூட்டிப் போகிறார்கள். தொண்ணூறாம் தெருவுக்கு மேலே, ஆற்றோரம் இருக்கிற நீச்சல் கிளப். எண்ணைத் தேடிப் பிடித்து நான் கூப்பிட்டபோது சுவர்க் கடிகாரத்தில் மூன்றே முக்கால், சேறும் நெரிசலுமான தெருவில் போலீஸ் வண்டி இன்னும் வந்து சேரவில்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பெண் எடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "கொஞ்சம் இருங்க, இங்க ஒரு பையனத் தண்ணியிலேர்ந்து தூக்கியிருக்காங்க, ஆம்புலன்ஸுக்காக லைன் வேணும்" என்றாள்.

"எந்தப் பையன்?" என்றேன்.

"பேரு ஜாஸ்பர் ப்ரூயர்னு அவன் ஆயா சொல்றாங்க. நீங்க சொந்தமா?"

என் மேசைக்கு எதிரில் ஜாஸ்பர் ப்ரூயர் உட்கார்ந்து, என் பென்சில் டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.  போனை வெர்லின் என் கையிலிருந்து பிடுங்கினாள். "மூச்சு இருக்கா?" என்று கேட்டாள். அதை மட்டும்தான் கேட்டாள். பதிலைக் கேட்டுவிட்டுப் போனை மேசைமேல் வைத்துவிட்டு, கோட்டைக்கூட எடுக்காமல் தெருவுக்கு ஓடினாள்.

மூச்சு இருந்தது. தண்ணீருக்கு அடியில் அவன் இருந்தது ஒரு நிமிஷத்துக்கும் குறைவு என்று கிளப்பில் சொன்னார்கள். பயிற்சியாளர் அடுத்த பையன் பெயரைக் கூப்பிடத் திரும்பியிருக்கிறார், மறுபடி பார்த்தபோது குதித்தவன் மேலே வரவில்லை. வெளியே தூக்கி நெஞ்சை அழுத்தித் தண்ணீரை எடுத்திருக்கிறார்கள்.

ஜாஸ்பரை நூலக ஆசிரியையிடம் விட்டுவிட்டு, லாத்ரப்பையும் அழைத்துக்கொண்டு டாக்சியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவரை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர் தலைமையாசிரியர், பையன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், வராமல் இருக்க மாட்டேன் என்று தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வழியில் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். சொன்னேன். இரண்டு சிக்னல் தாண்டி மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "டோலரஸ், நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?" என்றார். "அப்பறம் பேசலாம், சார்" என்றேன். இதுவும் நான் செய்த தப்புகளின் கணக்கில் ஒன்று.

ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு இளம்பெண் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தவளை படம் போட்ட நீச்சல் பை. ஹலினாதான். போலந்துக்காரி, இந்த ஊருக்கு வந்து மூன்று வாரம்தான். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"நான் ஜாஸ்பர் கூப்பிட்டேன்," என்றாள், வார்த்தை வார்த்தையாகத் தேடி. "அவன் 'ம்' சொன்னான். பஸ்ஸில ஜாஸ்பர் சொன்னேன், 'ம்' சொன்னான். நாலு தடவ, அஞ்சு தடவ. இல்லன்னு ஒரு தடவகூடச் சொல்லல. ஏன் சொல்லல?"

 அவள் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனேன்.

ரூஃபஸ் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூக்கில் குழாய், உதட்டில் இன்னும் நீலம் போகவில்லை. நுரையீரலில் கொஞ்சம் தண்ணீர் போயிருக்கிறது, நாளை வரை வைத்துப் பார்க்க வேண்டும், பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு பக்கம் வெர்லின் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபக்கம், வெர்லின் சொல்லி ஓடி வந்த அவன் அம்மா கேத்தரின் பாலர்ட், அலுவலக உடையில், செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கட்டிலில் ஏறி அவனை அணைத்திருந்தாள். எங்களைக் கண்டதும் அவள் முகம் மாறியது. ஆனால் அந்த நேரத்தில் அவள் மகனிடம் பேசிக்கொண்டிருந்தாள், அதை விடவில்லை.

"அம்மா திட்டல கண்ணு. சும்மாதான் கேக்குறேன். அது வெர்லின் இல்லன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்பறம் ஏன்டா போன?"

"சார் கை குடுத்தாங்க. போய்ட்டு வா ஜாஸ்பர்னு சொன்னாங்க."

"நீ ஜாஸ்பர் இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

ரூஃபஸ் லாத்ரப்பைப் பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு அம்மாவின் காதில் ரகசியம் சொல்வதாக நினைத்து, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"சொல்லக் கூடாதும்மா. கொன்ராட் அண்ணா எங்க கிளாஸுக்கு வந்து சொல்லிருக்காங்க. சார் பேர மாத்திச் சொன்னா யாரும் திருத்தக் கூடாது. சார் யாரா கூப்பிடுறாங்களோ, அப்போதைக்கு அவனா இருந்துக்கணும். இல்லன்னா சாருக்குச் சங்கடமாயிடும். வீட்லயும் சொல்லக் கூடாது."

கொன்ராட் எங்கள் பன்னிரண்டாம் வகுப்பின் மூத்த மாணவன். அவ்வளவு தங்கமான பையன். அந்த வருஷம் நன்னடத்தைப் பரிசுக்கு அவன் பெயரைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.

"தண்ணியிலயுமாடா?" என்றாள் அம்மா.  "குதிக்கச் சொன்னப்பவுமா?"

"ஜாஸ்பர்னு கூப்பிட்டாங்க," என்றான் ரூஃபஸ். "ஜாஸ்பர்தான் நல்லா குதிப்பான்ல. நான் குதிக்கலன்னா கண்டுபிடிச்சிருப்பாங்க."

வெர்லின் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.  ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நான் யாரை நினைத்துப் பூரித்து அழுதேனோ, அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொடுத்ததுதான் இந்தக் குழந்தையைத் தண்ணீருக்குள் தள்ளியிருக்கிறது. கற்றுக்கொடுத்தவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது நாங்கள்.

ரூஃபஸ் குழாய் இழுபட நிமிர்ந்து உட்கார்ந்தான். லாத்ரப்பைப் பார்த்து, "சார், நான் யார்கிட்டயும் சொல்லல. இப்பதான் அம்மா கேட்டாங்கன்னு சொன்னேன். நான் சரியா செஞ்சேனா?" என்றான்.

லாத்ரப் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலருகே போனார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் கண்கள் நிறைந்திருந்தன. ஒரு குழந்தைக்கு அடிபட்டிருக்கிறது, அது தன்னிடம் நல்ல வார்த்தை ஒன்றை எதிர்பார்க்கிறது என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. குனிந்து, ஊசி குத்தாத கையைப் பார்த்து எடுத்து மெதுவாகக் குலுக்கினார்.

"ரொம்ப தைரியமான பையன் நீ, ஜாஸ்பர்," என்றார்.

"தேங்க்யூ சார்," என்றான் ரூஃபஸ்.

கேத்தரின் பாலர்ட் வாயைப் பொத்திக்கொண்டாள். வெர்லின் என்னைப் பார்த்தாள். 

"இவன் ஜாஸ்பர் இல்ல சார்," என்றேன். "இவன் ரூஃபஸ். ரூஃபஸ் பாலர்ட். நீங்க மத்தியானம் தப்பான ஆள்கிட்டக் குடுத்தது இவனத்தான்."

லாத்ரப் குலுக்கிய கையை விடவில்லை. குழந்தையின் முகத்தையே பார்த்தார், இங்கேயும் அங்கேயுமாக, எதையோ தேடுகிறவர் மாதிரி. 

ரூஃபஸ் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். உலகத்தில் யாரும் செய்யாத அக்கிரமத்தை நான் செய்துவிட்டதுபோல அவன் முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஏன் சொன்னீங்க, மிஸ் கீகன்?" என்றான். "இவ்வளவு நேரம் நான் சொல்லவே இல்லையே."